கழுத்தை அறுக்காத பெல்ட்

முகூர்த்தம் காலை 6 முதல் 7.30 வரை. போட்டோகிராபர் நாலு மணிக்கே மண்டபத்தில் இருந்தாக வேண்டும். பெண்ணுக்கு அலங்காரம், தாய்மாமன் சீர், தாலி கட்டு, அப்புறம் மேடையில் வரிசை கட்டி நிற்கும் சொந்தபந்தம், பந்தியில் முதல் இலை, மொய் எழுதும் மேஜை, மறுவீட்டுக்குக் கார் கிளம்புவது என்று எதையும் விட முடியாது. முந்தின நாள் மாலை வரவேற்பும் அவர் தலையில்தான். வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து விழுந்தால் இன்று ஒத்தக்கடை, நாளை திருமங்கலம், மறுநாள் சோழவந்தான் என்று ஓட்டம். இத்தனை நேரமும் கேமரா தொங்கிக்கொண்டிருப்பது கழுத்தில். அவர் சட்டைக் காலரைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால் பெல்ட் உட்கார்ந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்த தடம் இருக்கும்.

எவ்வளவு கனம்? கணக்குப் பார்க்கலாம். மண்டபங்களில் அதிகம் காணப்படும் சோனி ஏ7 மார்க் 3, பேட்டரி, கார்டோடு 650 கிராம். அதில் மாட்டும் பழைய 70-200 எஃப் 2.8 ஜி மாஸ்டர் லென்ஸ் 1,480 கிராம். கூட்டினால் 2,130. தலையில் ஒரு ஃபிளாஷும் ஏறினால் இன்னும் அரைக் கிலோவை ஒட்டி வரும். பழைய டிஎஸ்எல்ஆரை விடாமல் வைத்திருப்பவருக்கு நிக்கான் டி850 உடம்பு மட்டுமே ஒரு கிலோ. கேனான் 5டி மார்க் 4-ல் 24-70 லென்ஸைப் போட்டால் 1,695 கிராம். இரண்டு கேமராவோடு வேலை செய்கிறவர் நாலு கிலோவைச் சுமந்துகொண்டுதான் "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்கிறார்.

லென்ஸ் மட்டுமே லட்ச ரூபாயைத் தாண்டும். அதைத் தாங்கிப் பிடிப்பதோ பெட்டிக்குள் சும்மா வந்த ஒரு நாடா. கம்பெனி பெயர் மஞ்சளிலும் சிவப்பிலும் கொட்டை எழுத்தில் பின்னப்பட்ட அந்த நாடாவை விளம்பரத்துக்காகத் தருகிறார்களா, நம் கழுத்துக்காகத் தருகிறார்களா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. மாசி வீதிகளின் கூட்டத்தில் அந்த எழுத்து தூரத்திலிருந்தே "இது காஸ்ட்லி" என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு போகும். வேறு பெல்ட் வாங்கலாம் என்று நினைத்தால் ஒரு பக்கம் சில நூறு ரூபாய்க்குப் பெயரில்லாத சரக்கு, மறுபக்கம் பல ஆயிரம் ரூபாய்க்கு வெளிநாட்டுச் சரக்கு. நடுவில் நிற்பவருக்குத் தலை சுற்றும்.

மதுரையில் வேலை செய்கிறவருக்கு ஒரே ஒரு யோசனைதான். காசை மெத்தையில் கொட்டாதீர்கள். கேமராவைப் பிடித்திருக்கும் இரண்டு முனையில் போடுங்கள். மெத்தையை இந்த ஊரிலேயே தைத்துக்கொள்ளலாம்.

மாட்டு வண்டியிலிருந்து கழுத்துக்கு

மதுரைக்கு வந்த ஆரம்பகாலக் கேமராக்களில் ஒன்று யார் கழுத்திலும் ஏறவில்லை. 1858-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இங்கே வந்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். மீனாட்சி அம்மன் கோயில், புது மண்டபம், திருமலை நாயக்கர் மகால், வண்டியூர் தெப்பக்குளம் என்று அவர் எடுத்த படங்கள் இன்றும் உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஓரடிக்கு மேல் நீளமுள்ள மெழுகுக் காகித நெகட்டிவ், அதற்கேற்ற மரப்பெட்டிக் கேமரா, முக்காலி, ரசாயனப் புட்டிகள் எல்லாம் மாட்டு வண்டியில் வந்தன. கூடவே ஆட்கள். சுமை மாட்டுக்கு, பெயர் கேப்டனுக்கு.

கேமரா கைக்குள் அடங்கியபோதுதான் அதைத் தொங்கவிடும் யோசனையே வந்தது. 1925-ல் விற்பனைக்கு வந்த முதல் லெய்காவில் பெல்ட் மாட்டுவதற்குக் காதே கிடையாது. தோல் உறைக்குத்தான் பெல்ட். கேமரா அந்த உறைக்குள் கிடக்கும். உடம்பிலேயே இரண்டு பக்கமும் காது வைத்தது 1933-ல் வந்த லெய்கா 3. அன்றைக்கு அந்தக் காதில் தொங்கியது அரைக் கிலோ சமாசாரம். நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் யாஷிகா தொங்கவிட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போன காலத்திலும் மெல்லிய தோல் வார் போதுமாக இருந்தது. ஒரு ரோலில் 12 படம். எடுத்து முடித்தால் கேமராவைக் கழற்றி வைத்துவிட்டுக் காபி சாப்பிடலாம். இன்றைக்குக் கார்டில் ஆயிரக்கணக்கில் படம் அடங்கும். கழற்றி வைக்க நேரம்தான் இல்லை. கனம் நாலு மடங்கு ஏறியிருக்கிறது. பெல்ட் மட்டும் அதே இரண்டு காதில், அதே கழுத்தில்.

இரண்டு விரலா, நாலு விரலா?

பெல்ட் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று கடையில் எல்லோரும் அமுக்கிப் பார்க்கிறார்கள். அமுக்கிப் பார்க்க வேண்டாம், ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கழுத்திலோ தோளிலோ பெல்ட் படுகிற நீளம் சுமார் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2 சென்டிமீட்டர் அகலப் பெல்ட் என்றால் 2,130 கிராம் எடை 30 சதுர சென்டிமீட்டரில் இறங்குகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 71 கிராம். அகலம் 4 ஆனால் 35.5 கிராம். 6 ஆனால் 24 கிராமுக்குள். 2-லிருந்து 4-க்குப் போகும்போது சுமை பாதியாகக் குறைகிறது. 4-லிருந்து 6-க்குக் கிடைக்கும் லாபம் அவ்வளவு இல்லை. அதோடு ஒல்லியான கழுத்தில் 6 சென்டிமீட்டர் பெல்ட் படிந்து உட்காராது. ஓரம் மட்டும் குத்திக்கொண்டு நிற்கும். பெரும்பாலானவர்களுக்கு 4, நாலரை சென்டிமீட்டர் போதும்.

அகலம் சரியாக இருந்தாலும் கழுத்து என்கிற இடமே தப்பு. மனிதத் தலையின் எடையே நாலரை, ஐந்து கிலோ. படம் வந்திருக்கிறதா என்று குனிந்து திரையைப் பார்க்கும்போது அந்தத் தலை முன்னால் சாய்கிறது. பின் கழுத்துத் தசைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் முன்பக்கம் இரண்டு கிலோவைத் தொங்கவிட்டு அதே கழுத்தையே பிடிக்கச் சொல்வது அநியாயம். ஒரு கிலோவுக்கு மேல் போகிறதென்றால் பெல்ட் இடது தோளில் ஏறி, மார்புக்குக் குறுக்கே இறங்கி, கேமரா வலது இடுப்புக்கு வரட்டும். ஸ்லிங் என்கிறார்கள். அமெரிக்காவின் பிளாக்ரேபிட் பிரபலப்படுத்திய முறையில் பெல்ட் உடம்பில் நகராமல் இருக்கும். கேமரா மட்டும் பெல்ட்டின் மேல் வழுக்கிக்கொண்டு கண்ணுக்கு வரும், விட்டால் இடுப்புக்குத் திரும்பும். இதில் தோளுக்குச் சுமை இருக்கிறது, கழுத்துக்கு இல்லை.

சாமி புறப்பாட்டில் சீர்பாதம் தாங்கிகளைக் கவனித்திருப்பீர்கள். தோளில் துண்டை மடித்து வைத்து அதன் மேல்தான் தண்டை ஏற்றுவார்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் தோள் மாற்றுவார்கள். ஸ்லிங் போடுபவர்களில் தோள் மாற்றுபவர் மிகக் குறைவு. வலது கைக்காரர்களுக்கென்று வளைத்து வெட்டிய மெத்தை வாங்கிவிட்டால் மாற்றவும் முடியாது. ஆகவே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் நேர் மெத்தையே நல்லது.

வெயிலும் வியர்வையும்

வெளிநாட்டு விமர்சனங்களில் ஆஹா ஓஹோ என்று புகழப்படும் நியோபிரீன் என்கிற நுரை ரப்பர் மெத்தை நம் ஊருக்கு ஒத்துவருமா? அது கொஞ்சம் இழுபடும். அதனால் கனம் குறைந்த மாதிரி தோன்றும். நடக்கும்போது கேமரா மேலும் கீழும் குதிக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது அதற்குள் காற்றும் போகாது, வியர்வையும் இறங்காது. மத்தியானத்துக்குள் கழுத்து வெந்துவிடும். கழற்றி வைத்த பெல்ட் மறுநாள் காலை வரை காயாது. மூன்றாம் நாள் நாற்றம். பள்ளிக்கூடப் பையின் முதுகுப்பக்கம் இருக்கும் வலைத்துணி மெத்தை இதைவிட எவ்வளவோ மேல். எல்லாவற்றையும்விட மேல் ஒன்று உண்டு. சாதாரண நைலான் பெல்ட்டின் மேல் பழைய பருத்தி வேட்டித் துணியில் உறை தைத்துப் போட்டுக்கொள்வது. இரண்டு உறை இருந்தால் ஒன்றைத் துவைத்துக் காயப் போடலாம்.

தோல் பெல்ட் பார்க்க அழகு. கல்யாண வீட்டில் கோட்டும் சூட்டுமாக வரும் கேண்டிட் ஆட்கள் மார்பில் இரண்டு பக்கமும் தோல் வாரைக் குறுக்கிட்டுக் கேமராவை இரண்டு இடுப்பிலும் தொங்கவிட்டு வருவதைப் பார்த்தால் கௌபாய் படம் நினைவுக்கு வரும். ஏசி மண்டபத்தில் சரி. வியர்வையின் உப்பு ஏறிய தோல் விறைத்து வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். மலிவுத் தோலுக்குச் சாயம் நிற்காது. வெள்ளைச் சட்டைக் கல்யாணத்தில் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு பழுப்புக் கோடு விழுந்தால் சலவைக்காரராலும் காப்பாற்ற முடியாது. 700, 800 கிராமுக்குள் அடங்கும் சின்ன கேமராவுக்குத் தோல் வைத்துக்கொள்ளுங்கள்; உபயோகித்த பிறகு ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். கனமான கேமராவுக்கு நைலான்தான்.

நைலானிலும் ஒரு விஷயத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். ஒரே தோளில் தொங்கவிடுபவருக்குப் பெல்ட்டின் உள்பக்கம் சொரசொரப்பு வேண்டும். ரப்பர் புள்ளிகளோ, ரப்பர் இழையோ இருந்தால் சட்டையில் பிடித்துக்கொள்ளும், நழுவாது. மார்புக்குக் குறுக்கே போடுபவருக்கு நேர்மாறு. கார் சீட் பெல்ட் போல வழவழப்பு வேண்டும். இல்லாவிட்டால் கேமராவைக் கண்ணுக்குத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் சட்டையும் சேர்ந்து சுருண்டு மேலே வரும். நாள் முழுக்க ஒரு கையால் படம், ஒரு கையால் சட்டை.

பெண் போட்டோகிராபர்கள் இப்போது மதுரையிலும் மணப்பெண் அறைக்கு அதிகம் அழைக்கப்படுகிறார்கள். பெரும்பாலான ஸ்லிங் பெல்ட்டுகள் ஆறடி ஆணின் மார்பை மனதில் வைத்து வெட்டப்பட்டவை. மெத்தை தோளில் உட்காராமல் மார்பின் மேல் வந்து நிற்கும். நீளத்தைக் குறைத்தால் பக்கிள் எலும்பில் குத்தும். மெத்தை குட்டையாகவும் நாடா நீளமாகவும் இருக்கும் பெல்ட்டே இவர்களுக்குச் சரி. கேமராவின் அடிப்பாகம் இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். தொடை வரை இறங்கினால் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உதை. நீளத்தை வீட்டிலேயே நின்று சரி செய்துகொள்ள வேண்டும். மண்டபத்தில் அதற்கு நேரமிருக்காது.

ஆற்றில் ஒரு பெல்ட், வாடிவாசலில் ஒரு பெல்ட்

மண்டபத்துக்கு ஏற்ற பெல்ட்டைச் சித்திரைத் திருவிழாவுக்கு அப்படியே எடுத்துப் போவது ஆபத்து. கள்ளழகர் வைகையில் இறங்கும் சித்ரா பௌர்ணமி விடியலில் ஆற்றங்கரையில் லட்சக்கணக்கில் ஜனம். கருப்பசாமி வேஷமிட்டவர்கள் தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சியடிப்பார்கள். கேமராவுக்கு உறை போட்டிருப்பீர்கள், பெல்ட் நனையும். நனைந்த நுரை ரப்பர் கனத்துத் தொங்கும், நனைந்த தோல் இளகி நீளும். வழவழப்பான மெல்லிய நைலான் அரை மணியில் காய்ந்துவிடும்.

தண்ணீரைவிடக் கவலைப்பட வேண்டியது நெரிசலை. 2022-ல் அழகர் ஆற்றில் இறங்கியபோது ஏற்பட்ட நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் உடம்புக்குக் குறுக்கே இறுக்கிப் போட்ட பெல்ட் யார் கையிலாவது, தடுப்புக் கம்பியிலாவது மாட்டினால் கேமராவோடு நீங்களும் இழுபடுவீர்கள். ஒரு கையால் அமுக்கினால் விட்டுவிடும் பக்கிள் ஒன்று அந்தப் பெல்ட்டில் எங்கேயாவது இருந்தே ஆக வேண்டும். பள்ளிப் பையின் இடுப்புப் பட்டையில் இருக்கிற மாதிரி பக்கவாட்டில் அமுக்கும் பிளாஸ்டிக் பக்கிள் போதும். அது முதுகுப்பக்கம் இல்லாமல் மார்புப்பக்கம், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். ஜல்லிக்கட்டில் பத்திரிகைக்காரர்களுக்கு மேடையில் இடம் உண்டு. 2024 ஜனவரியில் அலங்காநல்லூர்ப் பக்கம் கீழக்கரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு அரங்கத்தில் உட்கார்ந்தே எடுக்கலாம். மேடையில் நிற்பவருக்குப் பயம் காளை இல்லை. பக்கத்தில் நிற்பவரின் முழங்கை. பத்தடி உயரத்திலிருந்து லென்ஸ் விழுந்தால் கேமராவும் போச்சு, கீழே நிற்பவர் மண்டையும் போச்சு. இங்கே நீளப் பெல்ட் தேவையே இல்லை. மணிக்கட்டில் மாட்டும் குட்டை வார் ஒன்றும், கேமராவின் காதிலிருந்து இடுப்புப் பட்டை வரை ஒரு காப்புக் கயிறும் போதும். களத்துக்கு வெளியே, மாடுகளைப் பிடிக்கும் இடத்தில் நடந்து எடுப்பவர் கழுத்தில் எதையும் தொங்கவிடவே கூடாது. அவிழ்த்துவிட்ட மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது.

அரிட்டாபட்டி கதை வேறு. மேலூர்ப் பக்கம் இருக்கும் இந்தக் குன்றுகளை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஷாஹீன் வல்லூறும் லகர் வல்லூறும் இருக்கும் பாறை என்பதால் ஞாயிற்றுக்கிழமை விடியலில் நீள லென்ஸ்காரர்களைப் பார்க்கலாம். நிக்கான் டி500-ல் 200-500 லென்ஸைப் போட்டால் மூன்று கிலோவைத் தாண்டிவிடும். இந்த மூன்று கிலோவைக் கேமராவின் காதில் தொங்கவிட்டால் லென்ஸின் கனம் முழுக்க கேமராவும் லென்ஸும் சேரும் வாய்ப்பகுதியை இழுக்கும். பெல்ட்டை லென்ஸின் கழுத்துப் பட்டையில், முக்காலி மாட்டும் காலில்தான் பிணைக்க வேண்டும். 70-200 போட்டவருக்கும் இதே விதிதான். பாறையில் ஏறும்போது குனிந்தால் ஸ்லிங்கில் இருக்கும் லென்ஸ் முன்னால் ஊஞ்சலாடி பாறையில் மோதும். கக்கத்துக்குக் கீழே இன்னொரு மெல்லிய பட்டை போட்டுப் பெல்ட்டை உடம்போடு கட்டிவிட்டால் ஆட்டம் நிற்கும். சமண மலையில் செட்டிப்புடவுக்கு ஏறுகிறவருக்கும் இது உதவும்.

முனையில் இருக்கிறது சூட்சுமம்

நாடா அறுந்து கேமரா விழுவது அபூர்வம். நாலு சென்டிமீட்டர் நைலான் நாடாவில் ஆளையே தொங்கவிடலாம். விழுவதெல்லாம் முனையில்தான்: திருகு கழல்வது, கொக்கி திறந்துகொள்வது, வளையம் விரிவது, பக்கிளிலிருந்து நாடா நழுவுவது, தையல் பிரிவது.

முதலில் பழைய முறை. பத்து மில்லிமீட்டர் நாடா கேமராவின் காதுக்குள் போய்த் திரும்பி, மூன்று கம்பி பிளாஸ்டிக் பக்கிளில் பூட்டப்படும். இது மிக நல்ல முறை, சரியாகக் கோத்தால். நம்மில் பலர் நாடாவின் நுனியை வெளியே தொங்கும்படி கோத்துவிட்டு, பார்க்க நன்றாயில்லையே என்று குட்டையாக வெட்டியும் விடுகிறோம். காதுக்குள் விட்ட நுனியைத் திருப்பி, நாடாவின் உள்பக்கமாகப் பக்கிளுக்குள் ஏற்றி, நடுக்கம்பியைச் சுற்றி, இரண்டு மடிப்புக்கும் நடுவே அடக்க வேண்டும். குறைந்தது நாலு விரற்கடை மீதி இருக்கட்டும். கனம் இழுக்க இழுக்க இந்தக் கோப்பு இறுகும். கேமராவோடு வரும் கையேட்டில் படம் போட்டே காட்டியிருப்பார்கள். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

சோனி போன்றவற்றில் காதில் ஒரு முக்கோண வளையம் இருக்கும். மலிவு பெல்ட்டோடு வரும் சாவிவளையத்தை அதற்குப் பதில் மாட்டாதீர்கள். மெல்லிய கம்பியில் செய்த சாவிவளையம் கனத்தில் கொஞ்சங்கொஞ்சமாக விரியும், சந்தேகமே வராது.

அடுத்தது திருகு. கேமராவின் அடியில் முக்காலிக்கான துளை உலகம் முழுக்க ஒரே அளவு: கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. மலிவு ஸ்லிங்குகள் இந்தத் துளையில் ஒரு திருகைப் போட்டுத்தான் கேமராவைத் தலைகீழாகத் தொங்கவிடுகின்றன. நடக்கும்போது கேமரா இடவலமாகச் சுழலும். ஒவ்வொரு சுழற்சியும் திருகைக் கொஞ்சம் கழற்றப் பார்க்கும். திருகுக்கும் கேமராவுக்கும் நடுவே ரப்பர் வாஷர் கட்டாயம். அது தேய்ந்து வழவழப்பானால் மாற்ற வேண்டும். அந்த வாஷருக்கு ஆகிற செலவு ஒரு டீக் காசு. ஒவ்வொரு சடங்கு முடிந்ததும் விரலால் ஒரு தரம் இறுக்கிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் நல்லது. இத்தனைக்கும் மேலே, கேமராவின் காதிலிருந்து பெல்ட்டுக்கு ஒரு குட்டிக் காப்புக் கயிறு. திருகு கழன்றாலும் கேமரா அரையடிக்கு மேல் விழாது. தனியாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தக் கயிற்றுக்குத்தான் முதல் செலவு. வீட்டு நாய்ச் சங்கிலிக் கொக்கி மாதிரி இருக்கும் வார்ப்பு உலோகக் கொக்கியை நம்பாதீர்கள். திறக்காதபடி மரை போட்டு மூடும் கொக்கியாக இருந்தால் மட்டும் சம்மதம்.

அமெரிக்காவின் பீக் டிசைன் செய்யும் வட்ட வில்லைகள், மெல்லிய கயிற்றோடு பொத்தான் மாதிரி இருக்கும், 90 கிலோ வரை தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. என் கணக்கில் பெல்ட் உலகத்தில் காசுக்கு மரியாதை தருவது இது ஒன்றுதான். முழு பெல்ட்டும் வாங்க வேண்டாம். வில்லைகளையும் அவை மாட்டும் முனைகளையும் தனியாக வாங்கி உங்கள் நாடாவில் தைத்துக்கொள்ளலாம். கயிற்றின் உள்ளே வேறு நிற இழை வைத்திருக்கிறார்கள். தேய்ந்து அந்த நிறம் வெளியே தெரிந்தால் மாற்ற வேண்டிய நேரம். இதன் நகல்கள் சந்தையில் நிறைய. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கேமரா விழுந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

தைத்துக்கொள்வது எப்படி?

டிரைப் படமெடுத்த புது மண்டபத்தில் பிற்காலத்தில் தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. மீனாட்சியைக் கும்பிட வந்தவர் துணி எடுத்துத் தைத்து வாங்கிக்கொண்டே ஊருக்குப் போவார். கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. ஆனால் கேமரா பெல்ட்டுக்கு ஜாக்கெட் தைக்கும் மிஷின் ஆகாது, ஊசி உடையும். பை தைப்பவரின் கனத்த மிஷினோ, செருப்புத் தைப்பவரின் கை ஊசியோதான் வேண்டும்.

தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவர் எப்படி வேலை செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் பெல்ட்டின் ரகசியம் தெரிந்துவிடும். நைலான் நூலை மெழுகுக் கட்டியில் இரண்டு தரம் இழுப்பார். குத்தூசியால் துளை போட்டு, இரண்டு பக்கமிருந்தும் நூலை எதிரெதிராக ஏற்றி இறுக்குவார். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்த தையல் பிரியாது. நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: நாடாவை மடித்த இடத்தில் ஒரே கோடாகத் தைக்காமல் சதுரமாகச் சுற்றித் தைத்து, அந்தச் சதுரத்துக்குள் மூலைக்கு மூலை குறுக்குக் கோடும் போடச் சொல்லுங்கள். கனம் நாலு பக்கமும் பிரியும். பள்ளிப் பையின் தோள்பட்டையில் இந்தத் தையலைப் பார்க்கலாம். பருத்தி நூல் வேண்டாம், வியர்வையில் இற்றுப்போகும். நாடாவை வெட்டிய நுனியை மெழுகுவத்தியில் லேசாகக் காட்டி உருக்கிவிட்டால் நூல் பிரியாது.

நாலு சென்டிமீட்டர் நைலான் நாடா இரண்டு மீட்டர், ஒரு அமுக்குப் பக்கிள், நீளம் மாற்றும் பக்கிள் இரண்டு, தூக்கிப்போட்ட பள்ளிப் பையிலிருந்து வெட்டிய வலை மெத்தை, மேலே வேட்டித் துணி உறை, தையல் கூலி. எல்லாம் சேர்ந்து ஐந்நூறு ரூபாயை ஒட்டித்தான் வரும். மிச்சக் காசில் நல்ல முனைகள் வாங்குங்கள். தைத்து முடித்ததும் நேரே கேமராவை மாட்டாதீர்கள். ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனை அதில் தொங்கவிட்டு வீட்டுக்குள் அரை மணி நேரம் நடந்து பாருங்கள், நாலைந்து தரம் வெடுக்கென்று இழுத்தும் பாருங்கள். தையலில் எங்கேயாவது நூல் நிமிர்ந்தால் தெரிந்துவிடும். கடையில் புதிதாக வாங்கிய பெல்ட்டுக்கும் இதே பரீட்சை வையுங்கள். கழுத்துக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க இரண்டு லிட்டர் பாட்டில் போதும்.

கேமரா என்பது இந்த ஊரில் பலருக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. ஜவஹர்லால்புரத்திலிருந்து வந்து துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் படமாக்கியவர் பழனி குமார். மீன் விற்ற அம்மாவின் உழைப்பிலும் கடனிலும்தான் தன் கையில் கேமரா வந்தது என்று சொல்லியிருப்பவர். கல்யாணப் படம் எடுக்கும் பையன்களில் பாதிப் பேருக்கு இன்னமும் மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. விழுந்து உடைந்த லென்ஸுக்குத் தவணை நிற்காது.

கடைசியாக டூவீலர். ஒரு மண்டபத்திலிருந்து இன்னொரு மண்டபத்துக்குப் பறக்கும்போது கேமராவை ஸ்லிங்கிலேயே தொங்கவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. பெட்ரோல் டேங்கில் இடிப்பது ஒரு பக்கம். கழற்றிய பெல்ட்டின் வால் பைக்கு வெளியே தொங்கிச் சக்கரத்தில் மாட்டுவது இன்னொரு பக்கம். பைக்குள் கேமராவை வைக்கும்போது பெல்ட்டை லென்ஸைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே தள்ளி ஜிப்பை முழுக்க மூடுங்கள். சீசன் நாட்களில் வீடு திரும்பியதும் பெல்ட்டைக் கழற்றிக் குழாயடியில் வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் கொடியில் போடுங்கள். சந்தனம், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால் மட்டும் கொஞ்சம் சோப்பு. மறுநாளும் முகூர்த்தம் இருக்கிறதென்றால் காயாத பெல்ட்டை மாட்டிக்கொண்டு போக வேண்டாம்; பெட்டியோடு வந்த அந்தப் பழைய மஞ்சள் எழுத்துப் பெல்ட் அன்றைக்கு ஒரு நாள் உதவும். எழுத்தை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.